மிலிட்டரி மாமாவுக்கு ஒரு கிளாஸ் மேரி

செய்முறையைக் காதால் கேட்டுவிட்டாலே பண்டம் கைக்கு வந்துவிட்டது என்று நம்புகிற ஒரு வயது உண்டு. அந்த வயதில் வீட்டில் ஒரு பையன் இருந்தால் அவனை அடுப்படிப் பக்கம் விடாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது. எங்கள் வீட்டில் என்னை விட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது இருபது வயது. கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்மேல் எனக்குப் பரிதாபம் வரும்.

எங்கள் ஊர் வாளையாருக்குத் தெற்கே, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. வயலில் நின்று உரக்கத் தும்மினால் தமிழ்நாட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பான். எழுபதுகளின் நடுவில் அந்தப் பக்கம் மதுவிலக்கு. எங்கள் பக்கம் இல்லை. இதனால் எங்கள் வீட்டு ஒறம்பரைகளுக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, திடீரென்று எங்கள்மேல் பாசம் பெருகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்கள்கூட மாசம் இரண்டு தடவை நலம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் இருப்பார்கள். அப்புறம் "சும்மா அப்பிடியே காலாற நடந்துட்டு வாரமுங்க" என்று கிளம்பிவிடுவார்கள். (திரும்பி வரும்போதும் நடந்துதான் வருவார்கள். ஆனால் நேராக அல்ல.)

அப்பாவுக்கு இது வேம்பு. சுற்றிலும் இருந்த தோப்புக்காரர்கள் எல்லாம் தென்னையைக் கள் இறக்க விட்டபோது, ஒரு மரத்தைக்கூட விடாதவர் அவர். எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு சொட்டு தாண்டக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். கொடுத்த வாக்கை மாற்றக்கூடாது என்பது இரண்டாவது சட்டம். இந்த இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஒரு நாள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த நாளைக் கொண்டுவந்தவர் மிலிட்டரி மாமா.

சரசு அக்காவுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தார். அதற்கு முன்னால் இரண்டு இடம் கூடிவந்து கலைந்துபோயிருந்தது. ஒன்று ஜாதகத்தில்; மற்றொன்று எதனால் என்றே தெரியவில்லை. அக்கா அதையெல்லாம் சிரித்துத்தான் பேசுவாள். ஆனால் இந்த மாப்பிள்ளை பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்று, அவர் குடித்து வைத்த காப்பித் தம்ளரை அவள் தானே எடுத்துக் கழுவினாள். வீட்டில் தம்ளர் கழுவுகிற பழக்கமே இல்லாதவள். எனக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் மிலிட்டரி மாமா. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். இரண்டு பக்கமும் தலா நான்கு விரல் நீளத்துக்கு மீசை. அந்தக் குடும்பத்தில் அவர் சரி என்றால்தான் சரி. பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் சத்தமாகச் சொன்னார்:

"ஏனுங்க சம்மந்தி, எங்க பக்கந்தான் எல்லாத்தையும் பூட்டிப்போட்டாங்க. உப்புச்சக்கரை அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு பிளடி மேரி மட்டும் பண்ணிக் குடுத்துப்போடுங்க, போதும். பட்டாளத்துல ஞாயித்துக்கெழமைன்னா நமக்கு அதுதானுங்க."

அவரோடு வந்த ஆண்கள் மெல்லச் சிரித்தார்கள். ஒருவர் எச்சில் விழுங்கியதை நானே பார்த்தேன்.

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதுக்கென்னுங்க சம்மந்தி! வயிறு நெறயப் பண்ணிப்போடலாமுங்க" என்றார்.

மிலிட்டரி மாமாவின் முகம் ஒரு கணம் என்னவோபோல் ஆயிற்று. மீசை மட்டும் சிரித்தது. சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கார் மறைந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, அவரு கேட்டது என்ன பலகாரம்? மைசூர்பாகாட்டமா?"

நான் சொன்னேன். தக்காளிச் சாற்றில் வோட்கா என்ற சீமைச் சரக்கைக் கலந்து குடிப்பது என்று விளக்கினேன். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "வாக்குக் குடுத்துட்டனே" என்றார். அப்புறம் படியைத் தடவிக்கொண்டே, "இந்த ஊட்டுக்குள்ளயா?" என்றார். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

எங்கள் பக்கம் நிச்சயத்தை உப்புச்சக்கரை என்போம். உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டைச் சபையில் மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அந்தத் தட்டை மாப்பிள்ளையின் தாய்மாமன் கை தொட்டு வாங்க வேண்டும். அவர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். அப்படி வைத்த இடத்திலேயே இருந்துவிட்ட தட்டுகளின் கதைகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க வெசனப்படாதீங்கப்பா. சரக்கே இல்லாம நான் பண்ணிக் குடுக்கறேன். அவருக்குக் கண்டுபிடிக்கவே முடியாது."

இந்தத் தைரியத்துக்குக் காரணம் என் அறைத்தோழன். போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவன். அவன் அப்பா எஸ்டேட் கிளப்பில் குமாஸ்தா. பிளடி மேரி எப்படிச் செய்வது என்று அவன் ஒரு மழை நாளில் எனக்கு விலாவாரியாகச் சொல்லியிருந்தான். தக்காளிச் சாறு, எலுமிச்சை, உப்பு, மிளகு, காரத்துக்கு ஏதாவது, கறுப்பாக ஒரு இங்கிலீஷ் சாஸ், ஒரு கீரைத்தண்டு, ஐஸ், அப்புறம் வோட்கா. "வோட்காவுக்கு மணமும் கிடையாது, நெறமும் கிடையாதுலே, ருசியும் ஒண்ணும் பெருசா இருக்காது" என்றும் சொல்லியிருந்தான். மணம், நிறம், ருசி மூன்றும் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டால் அது இல்லை என்று எவனுக்குத் தெரியும்? என் தர்க்கம் இதுதான். பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் எங்களுக்குத் தர்க்க சாஸ்திரம் பாடமாக இருந்தது.

தக்காளிக்குப் பஞ்சமில்லை. எங்கள் மேட்டு வயலில் அந்தப் போகம் முழுக்கத் தக்காளிதான். மூன்று நாள் அடுப்படியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். கறுப்பு சாஸுக்கு எங்கே போவது? அதில் புளியும் பூண்டும் உண்டு என்று நண்பன் சொன்ன ஞாபகம். எனவே புளியைக் கரைத்து, பூண்டைத் தட்டிப் போட்டேன். இங்கிலீஷ்காரனின் மர்மமான வாசனைக்காகப் பெருங்காயம் சேர்த்தேன். தொண்டை எரிந்தால்தான் சரக்கு என்று நம்புவார்கள் என்பதால் நாலு காந்தாரி மிளகாயை நசுக்கிப் போட்டேன். கீரைத்தண்டுக்குக் கொத்தமல்லித் தண்டு.

சோதித்துப் பார்க்க அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. முதல் தடவை அவளுக்குத் தக்காளி விதை மூக்கில் ஏறியது. இரண்டாவது தடவை காந்தாரி ஏறியது. மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தாண்டா இருக்குது. ஆனா எங்கயோ குடிச்சாப்பல இருக்குது" என்றாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். விரலை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

"ஏஞ்சாமி, இது ரசமில்ல?"

"ரசமில்லம்மா. இதுக்குப் பேரு காக்டெயில்."

"தக்காளி போட்டிருக்கறே, புளி போட்டிருக்கறே, மொளகு, பூண்டு, பெருங்காயம், கொத்தமல்லி... அப்பறம் ரசமில்லாம என்ன?"

"ரசம் சூடா இருக்கும். இது ஜில்லுனு இருக்கும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பையனை விடுதியில் சேர்த்தது தப்போ என்று யோசிக்கிற பார்வை அது.

ஜில்லென்று இருக்க ஐஸ் வேண்டுமே. உப்புச்சக்கரை அன்று விடிவதற்குள் எழுந்து, போசி நிறையக் கலவையைத் தயாரித்து, கொத்தமல்லித் தண்டுகளை அழகாக மேலே போட்டு, மூடி, அடுப்படித் திட்டில் வைத்தேன். அப்புறம் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போய், மரத்தூளில் புதைத்துச் சாக்கில் கட்டிய ஐஸ் பாளம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாளையார் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சொட்டுச் சொட்டாகக் கசியும் என் சாக்கைப் பார்த்ததும் காக்கிச் சட்டைக்காரருக்கு முகம் மலர்ந்தது.

"எந்தா இது?"

"ஐஸ், சாரே."

"ஐஸோ? எந்தினா?" எதற்கு என்று கேட்டார்.

"குடிக்கான்." குடிக்கத்தான் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. சரக்குக்காக இங்கே வருகிறவர்களையும், சரக்கை அங்கே கொண்டுபோகிறவர்களையும்தான் அவருக்குத் தெரியும். அதோடு சேர்க்க ஐஸை மட்டும் அங்கிருந்து இங்கே கொண்டுவருகிறவனை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. சாக்கை அவிழ்த்து, மரத்தூளைத் துழாவி, உள்ளே ஐஸைத் தவிர ஒன்றும் இல்லை என்று நிச்சயமானபின் ரொம்ப வருத்தத்தோடு என்னை விட்டார். பாளத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்து. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. நடுவில் பாயின்மேல் உப்புச்சக்கரைத் தட்டு. மிலிட்டரி மாமா முதல் வரிசையில், இறுக்கமாக. நான் சாக்கோடு பின்பக்கமாக ஓடினேன். கொல்லைப்புறப் பொடக்காளியில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது ஒரு வாசனை. நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் பொரிகிற வாசனை.

அடுப்பின்மேல் என் போசி நுரை கட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உடுமலைச் சித்தி, கையில் தாளிப்புக் கரண்டியோடு. அம்மாவின் தங்கை. காலையில்தான் வந்து இறங்கியிருக்கிறாள். விசேஷ வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கை கூசும் அவளுக்கு.

"வா சாமி! யாரோ ரசத்தைக் கரைச்சு வெச்சுட்டு அடுப்புல ஏத்த மறந்துபோட்டாங்க. நல்லவேளை, நான் பாத்தேன். கொஞ்சம் பருப்புத்தண்ணி ஊத்தி, கூட்டித் தாளிச்சுட்டேன். வாசம் எப்பிடி?"

வாசம் அற்புதமாக இருந்தது. காக்டெயில்தான் போய்விட்டது. வயலுக்கு ஓடிப் பழம் பறித்து வரலாம் என்றால், அன்று விடியக்காலையில்தான் பழுத்ததையெல்லாம் கூடை கட்டி லாரியில் ஏற்றியிருந்தார்கள். செடியில் மிச்சம் இருந்தது எல்லாம் பச்சைக்காய். அந்த நேரம் பார்த்து முன்கட்டிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பாவுடைய குரல் வந்தது.

"ஏனுங்க சம்மந்தி, மச்சான் கேட்டாரே, அந்த மேரி என்னாச்சுங்க? வந்துட்டா தட்டை மாத்திப்போடலாமுங்க!"

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பா அடுப்படி வாசல் வரை வந்து என்னைப் பார்த்தார். அறை வாசலில் புதுப்புடவையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். "முடியலைன்னா சொல்லிரலாண்டா" என்றாள் மெதுவாக. மூன்றாவது இடமும் கலைந்துபோனால் அதற்கும் சிரிக்கத் தயாராகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

தோளில் கிடந்த துண்டை உருவினேன். போசியிலிருந்த ரசத்தை அதில் ஊற்றி வடிகட்டினேன். கடுகும் கறிவேப்பிலையும் பருப்பும் துண்டில் தங்கின. (துண்டும் கொஞ்சம் ரசத்தில் தங்கியிருக்கலாம்.) அம்மிக்குழவியால் ஐஸை உடைத்து அள்ளிப் போட்டேன். ஐஸ் பட்டதும் நெய் உறைந்து வெள்ளை வெள்ளையாக மேலே மிதந்தது. கரண்டியால் அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. நேரமில்லை. நீளமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, கொத்தமல்லித் தண்டு ஒன்றை நட்டு, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நடக்க நடக்க ஐஸ் தம்ளரோடு மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம்தான் அன்றைக்கு அதில் இருந்த ஒரே நிஜமான காக்டெயில்.

மிலிட்டரி மாமா தம்ளரை வாங்கினார். சபையில் இருந்த அத்தனை கண்ணும் அவர் மீசைமேல். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"மேல என்னுங்க தம்பி, வெள்ளையா?"

"அதுதானுங்க கிரீமு. பெரிய கிளப்புல எல்லாம் போடுவாங்க" என்றேன்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் துளிர்த்தது. காந்தாரி என்று நினைத்தேன். நான் செத்தேன் என்றும் நினைத்தேன். அவர் மீசையில் வடிகட்டலுக்குத் தப்பிய ஒரே ஒரு கடுகு உட்கார்ந்திருந்தது.

"இதேதானுங்க!" என்றார், வீடு அதிர. "எங்க மெஸ்ஸுல குடிச்சது இதேதானுங்க! இத்தனை வருசத்துல இப்பிடி ஒரு மேரி நான் குடிச்சதில்லீங்க!"

ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு இரண்டாவது கேட்டார். இரண்டாவதை வைத்துக்கொண்டே எழுந்து, உப்புச்சக்கரைத் தட்டை இரண்டு கையாலும் தொட்டு வாங்கினார். உள்ளே பெண்கள் குலவை போட்டார்கள். அக்காவை நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வெற்றியை நான் அதற்கு முன்னும் ருசித்ததில்லை, பின்னும் ருசித்ததில்லை.

வெற்றி அதோடு நிற்கவில்லை. "மச்சான் மட்டும் குடிச்சா ஆச்சுங்களா?" என்று பெரியப்பா எழுந்தார். அவருக்குப் பின்னால் பதினாலு பேர் எழுந்தார்கள். போசி கூடத்துக்கே வந்தது. ஆளுக்கு இரண்டு தம்ளர். அப்பா சுவரோடு சுவராக வெளுத்து நின்றார். நான் அவர் காதில், "ஒரு சொட்டுகூட இல்லீங்கப்பா, சத்தியமா சித்தி வெச்ச ரசமுங்க" என்றேன். அவர் நம்புவதாக இல்லை. நம்பும்படியாகவும் அங்கே எதுவும் நடக்கவில்லை. பெரியப்பாவுக்கு நாக்குக் குழற ஆரம்பித்திருந்தது. இருபது வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு பங்காளிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கார் ஓட்டி வந்தவர், "எனக்குப் போதுமுங்க, திரும்ப வண்டியெடுக்கோணும்" என்று பொறுப்போடு தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அப்பா தானே ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். குடித்துவிட்டு நீண்ட நேரம் அந்த மனுஷர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பந்தி உட்கார்ந்தது. பருப்பு வந்தது, குழம்பு வந்தது. அப்போது அடுப்படியிலிருந்து சித்தியின் குரல்: "அய்யோ, எம்பட ரசத்தைக் காணமே! போசியோட காணமே!"

கூடம் முழுக்க ரசத்துக்காகக் குழி பறித்த சோறு காத்திருந்தது. ரசம் இல்லாத விருந்தை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லார் வயிற்றுக்குள்ளேயும்தான் இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?

"ரசம் எதுக்குங்க இந்த வெயிலுக்கு?" என்று முதல் இலையிலிருந்து மிலிட்டரி மாமா அவசரமாகக் குரல் கொடுத்தார். "மோர் ஊத்துங்க, மோர்!"

தாய்மாமனே சொல்லிவிட்டாரே. எல்லோரும் மோர் குடித்தார்கள். அதில் சிலருக்குப் போதையும் தெளிந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அடுத்த இரண்டு வருஷம் நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். ஒரு பட்டாளத்துக்காரரையே ஏமாற்றியவன் இல்லையா? அக்காவின் முதல் குழந்தைக்குக் காது குத்தப் பொள்ளாச்சி போயிருந்தபோதுதான் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் மிலிட்டரி மாமா என்னைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, அன்னைக்கு ரசத்துல பெருங்காயம் ஒரு பொட்டு தூக்கலுங்க."

"தெரியுமுங்களா?"

"ரசம் தெரியாதவன் ஆருங்க?"

"அப்பறம் மெஸ்ஸுல குடிச்சது இதேதான்னீங்க?"

மாமா மீசையைத் தடவினார். "பட்டாளத்துல நான் ஸ்டோர் கிளார்க்குங்க தம்பி. ஆபீசருங்க கையில செவப்பா இருக்கறதை எட்ட நின்னு பாத்ததுதான். நமக்குக் குடுக்கற ரம்மைக்கூடப் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் குடுத்துப்போடுவேன். பட்டாளத்துக்குப் போறப்ப எங்கம்மா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தது. ஆனா பட்டாளத்துக்காரன் குடிக்கமாட்டான்னு ஊருல எவனுங்க நம்பறான்? பெருமைக்கு ஒரு பேரைச் சொல்லி வெச்சேன். உங்கூர்ல கெடைக்கவே கெடைக்காதுன்னுதான் மேரியைச் சொன்னேன். உங்கப்பாரு பண்ணிப்போடலாமுன்னுட்டாரே! பத்து நா தூக்கமில்லீங்க எனக்கு. அத்தனை பேரு முன்னால தம்ளரைக் கையில குடுத்துட்டீங்க. குடிச்சா எங்கம்மாவுக்குக் குடுத்த சத்தியம் போச்சு, குடிக்காட்டி சம்மந்தம் போச்சு. சாமியை நெனச்சுட்டு ஒரு வாய் குடிச்சனுங்க. பாத்தா, ரசம்!"

சொல்லும்போதே அவருக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு நான் பார்த்தது காந்தாரித் தண்ணீர் இல்லை.

அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன், யாரிடமும் சொல்வதில்லை என்று. கடைசி நாட்களில் அவரே வீட்டில் சொல்லிவிட்டிருக்கிறார். அவர் காலம் முடிந்தபிறகு அவர் குடும்பமே அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டதால் நானும் இப்போது எழுதுகிறேன். அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் ரசத்துக்கு ரசம் என்று பெயர் கிடையாது. பந்தியில் குழம்பு முடிந்ததும், "மேரி ஊத்தட்டுங்களா?" என்றுதான் கேட்போம். வீட்டுக்கு வந்த மருமகள்கள் முதல் வாரம் திகைப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்களே தாளிப்பார்கள்.

போன மாதம் அக்காவின் பேத்திக்குக் கோயமுத்தூரில் பெரிய ஓட்டலில் நிச்சயம். தொப்பி போட்ட பையன் ஒருவன் நீளமான கண்ணாடித் தம்ளரில் சிவப்பாக, ஐஸ் போட்டு, பச்சைத்தண்டு நட்டு எங்களுக்குக் கொண்டுவந்தான். "ஆல்கஹால் இல்லாத பிளடி மேரி மேடம், தைரியமா சாப்பிடலாம்" என்றான். ஐம்பது வருஷம் கழித்து நிஜமான பண்டம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி யோசித்தாள். அப்புறம் தம்ளரைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, அந்தப் பையனிடம் இரக்கத்தோடு சொன்னாள்:

"நல்லாத்தான் கரைச்சிருக்கறீங்க கண்ணு. அடுப்புல ஏத்தத்தான் மறந்துபோட்டீங்க."